மேல் எழுபத்தொன்று, அடி ஐம்பத்து நான்கு

காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள் என்று சொல்லும்படியான ஒல்லி உடம்பு அவளுக்கு. ஆனாலும் தார் ஆலையில் எல்லோருக்கும் அவள் குண்டக்கா. பெயர் வைத்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவரைக் குண்டக்காவிடம் கையெழுத்து வாங்கி வரச்சொல்லி அனுப்ப, அவர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "குண்டா யாரும் இல்லையேப்பா, ஒரு ஒல்லியம்மாதான் உக்காந்திருக்கு" என்று திரும்பிப்போன கதையை ஆலையில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெயருக்குக் காரணம் அவள் தினமும் செய்யும் சோதனை. இரண்டு சின்னப் பித்தளை வளையங்களில் தாரை ஊற்றி ஆறவைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் இரும்புக் குண்டை வைத்து, கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீருக்குள் இறக்கி மெல்ல மெல்லச் சூடேற்றுவாள். தார் இளகித் தொய்ந்து, குண்டு கீழ்த்தட்டைத் தொடும் நொடியில் வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பாள். வெயிலில் அந்தத் தார் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். சாதாரணத் தாரில் ஐம்பதை ஒட்டிக் குண்டு விழும். பாலிமர் கலந்த தார் என்றால் அறுபத்தைந்தைத் தாண்டியும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

அந்த ஆலையில் செய்தது பாலிமர் தார். காய்ச்சிய தாரில் பயறளவு வெள்ளைக் குருணையைக் கொட்டி அரவை இயந்திரத்துக்குள் விடுவார்கள். முடியிழை இடைவெளியில் சுழலும் இரும்புப் பற்கள் குருணையைக் கிழித்து, எது தார் எது பாலிமர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாக்கிவிடும். அப்படிக் கலந்த தாரில் போட்ட சாலை கோடையில் இளகாது, குளிரில் வெடிக்காது. கனத்த சக்கரம் ஏறி இறங்கினாலும் ரப்பர்போல மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பன்னிரண்டு வருடமாக அந்தத் தாருக்குச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தவள் அவள்.

அவள் கணவர் அதே நிறுவனத்தின் சாலைக் குழுவில் ரோலர் ஓட்டினார். நாத்தனார் ஆலை வாசலில் எடைமேடை அறையில் உட்கார்ந்து, வெளியே போகும் லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதினாள். குடும்பத்தில் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை என்பதால் வீட்டுச் சண்டை ஆலைக்கும் ஆலைச் சண்டை வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தன.

கோடையின் நடுவில் ஒரு நாள் கணவர் வந்து, தலைத்துண்டை உதறிக்கொண்டே சொன்னார்.

"துறைமுக ரோடு வாய்க்காலா போயிடுச்சு."

"நாம போட்டதா?"

"நாம போட்டதுதான். நாலு மாசம் கூட ஆகலை."

அந்தச் சாலைக்குப் போன தாருக்கு எழுபது என்று எழுதியவள் அவள். கண்ணால் பார்த்த எழுபது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு இரும்பு ஸ்கேலையும், நேராக இருந்த ஒரு மரச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். லாரிச் சக்கரம் ஓடும் தடத்தில் சாலை அமுங்கி இரண்டு பள்ளக் கோடுகளாக நீண்டிருந்தது. சட்டத்தைக் குறுக்கே வைத்து ஸ்கேலை இறக்கினாள். முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளந்து என்னம்மா பண்ணப்போற? போன வாரம் ஒரு டீச்சரம்மா. ஸ்கூட்டர் சக்கரம் இந்தப் பள்ளத்துல மாட்டி, திருப்பவும் முடியலை, நிறுத்தவும் முடியலை. தோள்பட்டை உடைஞ்சுபோச்சு. இந்த ரோடு நல்ல ரோடுன்னு எவனோ ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான் பாரு, அவனைக் கூட்டிட்டு வந்து இதுல வண்டி ஓட்டச் சொல்லணும்."

"எவனோ இல்லைங்க. நான்தான் போட்டேன்."

கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து போட்டார். அவள் உட்காரவில்லை. இன்னும் ஐந்து இடத்தில் அளந்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் நேராக அரவை இயந்திரத்திடம் போனாள். அதை ஓட்டுகிற மனிதரை எல்லோரும் அரவைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றதில் அவருக்குக் காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் வாசல் வரைக்கும் கேட்கும்.

"பல்லு எப்படி இருக்கு?" என்று கத்திக் கேட்டாள்.

"எனக்கா?"

"மிஷினுக்கு."

"அது தேஞ்சு நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. எழுதிக் குடுத்தேன். வரும் வரும்னாங்க. இப்ப அது அரைக்கலைம்மா, சும்மா கிண்டிவிடுது. குருணை அப்படியே ஊறிப்போய் நிக்குது."

"ஊறினது எங்க போகும்?"

அவர் விரலை மேலே காட்டினார். "தாரைவிட லேசு. தொட்டியில மேல வந்து மிதக்கும்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும் குழாய் தொட்டியின் தோள் உயரத்தில் இருந்தது. சாலைக்கான கலவைக்குத் தாரை இழுக்கும் பம்பு தொட்டியின் அடியில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக இரண்டையும் தினம் பார்த்திருக்கிறாள். பற்கள் நன்றாக இருந்தவரை தொட்டி முழுக்க ஒரே தார். எந்தக் குழாயில் எடுத்தாலும் ஒன்றுதான். இப்போது சோதனைக்கு வருவது மேல்தார். சாலைக்குப் போவது அடித்தார். அவள் எழுதிய எழுபது பொய்யில்லை. அந்த எழுபதில் ஒரு சொட்டுகூடச் சாலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

பம்பின் காலடியில் ஒரு சிறிய வால்வு உண்டு, குழாயைக் கழுவுவதற்கு. கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திறந்து ஒரு தகரக் குவளை பிடித்தாள். தோள் உயரக் குழாயிலிருந்து இன்னொரு குவளை. அன்று மதியத்துக்குள் முடிவு வந்தது. மேல் எழுபத்தொன்று. அடி ஐம்பத்து நான்கு.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு ஏறும் சரிவுச் சாலை போட இருந்தார்கள். பஸ்ஸும் ஆம்புலன்சும் பிரேக் போட்டுப் போட்டு இறங்கும் சரிவு. அதற்கான சான்றிதழில் அவள் இரண்டு எண்களையும் எழுதி, கீழே "இந்தத் தார் தகுதியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளர் மேஜையில் வைத்தாள்.

மேலாளர் அவளைவிட வயதில் சின்னவர். மனது நன்றாக இருக்கும்போது அவளை அக்கா என்பார். கோபம் வந்தால் அவள் மேடம் ஆகிவிடுவாள்.

"என்னக்கா இது, ஒரு சான்றிதழ்ல ரெண்டு நம்பர்?"

"ஒரு தொட்டியில ரெண்டு தார் இருக்கு சார்."

"மேல எடுக்கறதுதானே வழக்கம்?"

"ரோடு அடியிலேர்ந்து எடுத்துக்குது. வழக்கம் அதுக்குத் தெரியலை."

அவர் அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சிரித்துக்கொண்டேதான் கிழித்தார். அவள் ஆய்வகத்துக்குப் போய் அதையே இன்னொரு தடவை எழுதிக்கொண்டு வந்தாள். அதையும் கிழித்தார். மூன்றாவது தடவை அவள் சான்றிதழ்ப் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

"மேடம், உங்க வேலை குடுத்த மாதிரியைச் சோதிக்கறது. எங்கேர்ந்து எடுக்கணும்னு சொல்றது இல்ல."

"அந்த ரோட்டுக்கு என் பேரைப் போடறீங்க இல்ல. அப்ப எங்கேர்ந்து எடுக்கணும்னு நான்தான் சொல்லணும்."

"பல்லு கப்பல்ல வந்துகிட்டிருக்கு. அதுவரைக்கும் வேலையை நிறுத்தினா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்த ஒரு ரோடு. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க."

"கண்ணைத் திறந்துகிட்டுப் போட்டதுக்கே ஒருத்தருக்குத் தோள் உடைஞ்சிருக்கு."

மேலாளர் புத்தகத்தை அவள் கைக்கடியிலிருந்து இழுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை ஓர் உத்தரவு ஒட்டப்பட்டிருந்தது. குண்டக்கா எடைமேடைக்கு. எடைமேடையிலிருந்த நாத்தனார் ஆய்வகத்துக்கு. பம்பின் காலடியிலிருந்த வால்வின் கைப்பிடியையும் யாரோ கழற்றியிருந்தார்கள்.

நாத்தனார் கண் கலங்க வந்து நின்றாள். "அண்ணி, நான் கேக்கலை. முத்திரையைக் கையில குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வர வேண்டாம்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கு அந்த வளையத்தைப் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்ன கையெழுத்துப் போடறேன்னு தெரிஞ்சுகிட்டுப் போடு. நான் உன்னைத் திட்டலை. ஆனா தட்டியும் குடுக்க மாட்டேன்."

நாத்தனார் கையெழுத்துப் போட்டாள். எழுபத்திரண்டு என்று யாரோ எழுதித் தந்த எண்ணுக்குக் கீழே.

எடைமேடை அறை நாலு ஆள் நிற்க முடியாத அளவு. நகர்த்துகிற ஒரு ஜன்னல், ஒரு மேஜை, எடை காட்டும் பெட்டி, சீட்டுப் புத்தகம். கலவை ஏற்றிய லாரி மேடையில் நிற்கும். வண்டி எண், எடை, நேரம் எழுதி மூன்று படிகளாகக் கிழிக்க வேண்டும். ஒன்று ஆலைக்கு, ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று சாலை போடும் இடத்தில் நிற்கும் சாலைத் துறைப் பொறியாளருக்கு. சீட்டின் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.

சரிவுச் சாலை வேலை தொடங்கிய அன்று முதல் லாரி வந்து மேடையில் ஏறியது. அவள் எடை எழுதினாள், நேரம் எழுதினாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் குறிப்புக் கட்டத்துக்கு வந்தாள். மேல் 71, அடி 54 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது என்ன அக்கா புதுசா?" என்றார் ஓட்டுநர்.

"குறிப்பு."

"யாருக்கு?"

"படிக்கறவங்களுக்கு."

அன்று முப்பத்து நான்கு லாரிகள் போயின. முப்பத்து நான்கு சீட்டிலும் அதையே எழுதினாள். கார்பன் தாள் நன்றாகப் பதியவேண்டும் என்று அழுத்தி அழுத்தி எழுதியதில் சாயங்காலம் கட்டை விரல் வீங்கியிருந்தது.

கணவர் வீட்டுக்குள் வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னாலேயே வந்த நாத்தனார் பேச்சில் மாட்டிக்கொள்ளாமல் சமையலறைக்குள் நழுவினாள்.

"வீட்ல சொல்ல வேண்டியதைச் சீட்டுல எழுதி ஊர் முழுக்க அனுப்பறியா? ஓட்டுநருங்க என்கிட்ட வந்து, உங்க வீட்டம்மா என்னமோ கணக்குப் போட்டு அனுப்பறாங்களேன்னு கேக்கறானுங்க."

"வீட்லயும் சொன்னேங்க. ரெண்டு நாள் சொன்னேன். நீங்க பேப்பரால முகத்தை மறைச்சுகிட்டு உக்காந்திருந்தீங்க."

"நான் ரோலர் ஓட்டறவன். கொட்டினதை அமுக்கறதுதான் என் வேலை."

"ரோட்டை அமுக்குங்க. என்னை அமுக்காதீங்க."

சமையலறையிலிருந்து நாத்தனார் சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல நடித்தாள். கணவர் அந்தப் பக்கம் முறைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இவள் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் இருபத்தொன்பது லாரிகள். இருபத்தொன்பது குறிப்புகள். மத்தியானம் மேலாளருக்குச் செய்தி எட்டிவிட்டது. அவர் எடைமேடை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வந்து நின்றார்.

"மேடம், அந்தக் கட்டத்துல எழுதறதை நிறுத்துங்க."

"குறிப்புன்னு அச்சடிச்சிருக்கு சார். எழுதறதுக்குத்தானே கட்டம் போட்டிருக்காங்க."

"நான் சொல்றேன், எழுதாதீங்க."

"எழுதாதேன்னு எழுதிக் குடுங்க. அதையும் சீட்டோட சேர்த்து அனுப்பிடறேன்."

அவர் ஜன்னலை அறைந்து சாத்திவிட்டுப் போனார். கண்ணாடி உடையவில்லை, சட்டத்திலிருந்து கழன்று ஒரு பக்கம் தொங்கியது. அடுத்த லாரி ஏற்கெனவே மேடையில் ஏறியிருந்தது. தொங்கிய கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினாள்.

அன்று சரிவில் என்ன நடந்தது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. ரோலரை முன்னால் நகர்த்தியபோது கலவை படியாமல், சக்கரத்துக்கு முன்னால் அலைபோலச் சுருண்டு தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அவள் கணவர் மூன்று தடவை பின்னால் எடுத்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நிழலில் நின்ற பொறியாளரிடம் நேராகப் போயிருக்கிறார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர் அந்தப் பொறியாளர். வந்த சீட்டுகளை எல்லாம் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருந்தார். எடையைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

"சார், அந்தச் சீட்டுல கடைசிக் கட்டத்தைப் படிச்சீங்களா?"

பொறியாளர் ஒன்றைப் படித்தார். அடுத்ததைப் புரட்டினார். அடுத்ததை. எல்லாவற்றிலும் அதே எண், அதே கையெழுத்து.

"யார் இது எழுதினது?"

"என் பொண்டாட்டி" என்றாராம் கணவர். "அவ எழுதினா அளந்துதான் எழுதியிருப்பா."

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அன்றும் முறைப்பாகவே வந்து முறைப்பாகவே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொறியாளரின் ஜீப் ஆலைக்குள் வந்தது. அவர் மேலாளர் அறைக்குப் போகவில்லை. எடைமேடை ஜன்னலில் வந்து நின்று, சீட்டுக் கட்டை மேஜையில் வைத்தார்.

"நீங்கதானா அறுபத்து மூணு தடவை எழுதினது?"

"ஆமாம் சார். நேத்தே வருவீங்கன்னு நினைச்சேன்."

அவர் கொஞ்சம் கூசிப்போனார். "நேத்துதான் படிச்சேன். எங்கே எடுத்தீங்கன்னு காட்டறீங்களா?"

தொட்டிக்குப் போவதற்குள் மேலாளர் ஓடி வந்துவிட்டார். அரவைக்காரரும் நாத்தனாரும் வந்தார்கள். லாரி ஓட்டுநர்கள் சிலர் வண்டியை விட்டு இறங்கிச் சற்றுத் தள்ளி நின்றார்கள். பம்பின் காலடியில் வால்வு இருந்தது, கைப்பிடி இல்லாமல்.

"அது ரொம்ப நாளா பழுது சார்" என்றார் மேலாளர். "திறக்கவே வராது. மேல இருக்கிற குழாய்லதான் எடுக்கணும். அதுதான் முறை."

அரவைக்காரர் குண்டக்காவின் பக்கம் குனிந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் நினைப்பில் மிக மெதுவாகச் சொன்னார்:

"கைப்பிடி அவர் மேஜையில மூணாவது டிராயர்ல இருக்கும்மா. சொல்லிடாதே."

ஆலை வாசலில் நின்ற காவலாளி வரைக்கும் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணாவது டிராயரைக் கொஞ்சம் பாத்துடலாமா?" என்று மேலாளரிடம் மரியாதையாகக் கேட்டார்.

கைப்பிடி வந்தது. அவளே மாட்டித் திறந்தாள். கறுப்பாக, சாதாரணத் தாரைப்போலவே நீர்த்து வழிந்தது. மேல்குழாயிலிருந்து வந்தது அல்வாப் பதத்தில், கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்கியது. அதைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை.

"கண்ணால பாத்ததை எழுத முடியாது சார். சோதிச்சுடறேன். முறைப்படி ரெண்டு வளையத்திலயும் ஒரே தார்தான் இருக்கணும். அப்படி ரெண்டு தடவை செஞ்சு எழுதித் தரேன். அதுக்கு முன்னாடி உங்களுக்காக ஒண்ணுல மேல்தார், ஒண்ணுல அடித்தார் வெச்சுக் காட்டறேன்."

ஒரு வாரமாக யாரும் தொடாத ஆய்வகம். வளையங்கள் கழுவாமல் கிடந்தன. அவள் கழுவினாள், காய்ச்சினாள், ஊற்றினாள், சூடான கத்தியால் மேற்பரப்பைச் சமமாக வெட்டினாள். ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் யாரும் கேட்காமலேயே நாத்தனார் பேசினாள்.

"இந்தச் சான்றிதழ்ல இருக்கிறது என் கையெழுத்து சார். நான் எதையும் சோதிக்கலை. நம்பரை எழுதிக் குடுத்தாங்க, போட்டேன். போட்டது தப்பு."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றார் பொறியாளர்.

தண்ணீர் சூடேறியது. நாற்பது. ஐம்பது. ஒரு பக்கத்துக் குண்டின் கீழே தார் வயிறு தள்ளத் தொடங்கியது. ஐம்பத்து மூன்றரையில் அந்தக் குண்டு மெத்தென்று தட்டில் உட்கார்ந்தது. மற்றொன்று அசையவில்லை. அறையில் இருந்தவர்கள் அதன்மேலேயே கண்ணை வைத்துக் காத்திருந்தார்கள். அறுபது. அறுபத்தைந்து. எழுபத்திரண்டில்தான் அது விழுந்தது.

"ரெண்டும் ஒரே தொட்டி" என்றாள் அவள். மேஜை மேல் இன்னொரு தாளையும் வைத்தாள். அது முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. "இது துறைமுக ரோட்டுக்கு நான் குடுத்த சான்றிதழைப் பத்தி. அதுவும் இதே பல்லு, இதே மேல்குழாய். அது செல்லாதுன்னு எழுதியிருக்கேன். அங்கயும் தோண்டிப் பாருங்க."

மேலாளருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க, அக்கா."

"என் தலைதானே சார்."

அதற்குப் பிறகு வேலைகள் தாமாக நடந்தன. சரிவில் போட்ட எண்ணூறு மீட்டரையும் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அதை வாரியது அவள் கணவரின் குழுதான். அன்று அவர் புழுதி அப்பிய முகத்தோடு வந்து, "ரெண்டு நாள் உழைப்பு. உன்னால போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டே, "தள்ளிக்கிட்டுப் போச்சு தெரியுமா, பாய் மாதிரி. பதினெட்டு வருஷத்துல அப்படி நான் பாத்ததில்ல" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்று அவளுக்குத் தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

அரவை இயந்திரத்தின் புதுப் பற்கள் மூன்றாவது வாரம் வந்தன. கப்பலில் வரவில்லை; பக்கத்து நகரத்துக் கிடங்கில் இருந்தே வந்தன. துறைமுகச் சாலையில் ஆறு இடத்தில் வட்டமாகத் துளைத்து எடுத்துப் பார்த்து, முழுவதையும் மறுபடி போடவேண்டும் என்று துறை எழுதியது. மேலாளரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். நாத்தனாரை எடைமேடைக்கே திருப்பி அனுப்பினார்கள். குண்டக்காவுக்கு மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் அலுவலகச் சீட்டுகளில் எழுதியதற்கும், நிறுவனத்தின் பழைய சான்றிதழை வெளியாரிடம் செல்லாது என்று அறிவித்ததற்கும் விசாரணை.

குளிரூட்டப்பட்ட அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

"சீட்டுல எழுதறதுக்கு யார் அனுமதி குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கலை."

"முறையா மேலிடத்துக்கு எழுதியிருக்கலாமே?"

"முறையா மூணு தடவை எழுதினேன். மூணையும் கிழிச்சுட்டாங்க. சீட்டைக் கிழிச்சா லாரி வெளிய போக முடியாது. அதனால அதுல எழுதினேன்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர்தான் மூவரில் பெரியவர் போலிருந்தது.

"பாருங்கம்மா, உங்க சோதனை தப்புன்னு நாங்க சொல்லலை. துறையே ஒத்துக்கிட்டாச்சு. ஆனா நாளைக்கு ஆளாளுக்குச் சீட்டுல எழுத ஆரம்பிச்சா நிர்வாகம் என்ன ஆகறது? ஒரு மன்னிப்பு மாதிரி வார்த்தை இருந்தா கோப்பை மூடிடலாம். ஒரு எச்சரிக்கையோட போயிடும். நீங்க இன்னைக்கே ஆய்வகத்துல உக்காரலாம். என்ன சொல்றீங்க?"

"எச்சரிக்கை குடுங்க. வாங்கிக்கறேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அன்று பேசியதன் சுருக்கம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மேஜையில் பேனாவும் தயாராக இருந்தது.

அவள் அவசரப்படாமல் முதல் வரியிலிருந்து படித்தாள். கடைசிப் பத்தியில் விரல் நின்றது. 'மேற்படி ஊழியர், நடைமுறை தெரியாமல், தவறுதலாகச் சீட்டுகளில் குறிப்பு எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது.

"இது நான் சொன்னது இல்லையே."

"ஒரு வார்த்தைதானேம்மா. மன்னிப்புன்னுகூடப் போடலை. கோப்புக்காகத்தான்."

"நானும் அப்படித்தான் இருந்தேன் சார், ஒரு நம்பர்தானேன்னு."

பேனாவை எடுத்தாள். 'நடைமுறை தெரியாமல், தவறுதலாக' என்பதன்மேல் ஸ்கேல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு இழுத்தாள். மேலே இருந்த சிறிய இடத்தில் 'தெரிந்தேதான்' என்று எழுதினாள். அடித்த இடத்தில் சுருக்கக் கையெழுத்து, அடியில் முழுக் கையெழுத்து, பக்கத்தில் தேதி. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதியவர் தாளைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு படி எனக்கும் வேணும்" என்றாள்.

படி எடுத்துவரக் கால்மணி நேரம் ஆயிற்று. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மத்தியானம் தொட்டியில் புதுத் தார் நிரப்புகிறார்கள். மேலும் அடியும் எடுக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தை நோக்கி எட்டி நடந்தாள்.